இறைவார்த்தையின் முன் மாணவராய் நின்ற புனித ஜெரோம்



வட ஆபிரிக்காவின் கடற்கரையில் ஓயா என்றொரு நகரம் இருந்தது. இன்று லிபியா நாட்டின் தலைநகராக விளங்கும் திரிப்போலியே அது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் ஆலயத்தில் ஒருநாள் யோனா இறைவாக்கினரின் நூல் வாசிக்கப்பட்டது. நினிவே நகருக்கு வெளியே, சுடும் வெயிலில் அமர்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தருவதற்காக ஆண்டவர் ஒரு செடியை முளைக்கச் செய்தார் என்னும் பகுதியை நீங்கள் அறிவீர்கள். அச்செடியைச் சுரை என்றே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருந்தனர். அன்று வாசிக்கப்பட்ட புதிய மொழிபெயர்ப்பிலோ சுரை என்னும் சொல் இல்லை. அவ்விடத்தில், மேலைநாட்டு மதில்களில் படர்ந்து வளரும் ஐவி என்னும் கொடியின் பெயர் இருந்தது.

ஆலயத்தில் பெருங்குழப்பம் உண்டாயிற்று. அங்கிருந்த கிரேக்கர்கள், மறைநூல் திரிக்கப்பட்டுவிட்டது எனக் கூச்சலிட்டனர். கலக்கமுற்ற ஆயர், அவ்வூரில் வாழ்ந்த யூதர்களிடம் விளக்கம் கேட்டார். எபிரேய மூலத்தில் உள்ளதும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளதும் ஒன்றே என அவர்கள் கூறினர். தமது மக்கள் அனைவரையும் இழந்துவிடும் நிலைக்கு வந்துவிட்ட ஆயர், அச்சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டியவரானார். இந்நிகழ்ச்சியை 403ஆம் ஆண்டில் தாம் எழுதிய மடல் ஒன்றில் பதிவு செய்தவர், இப்போ நகர ஆயராகிய புனித அகுஸ்தீனார். அம்மடல் சென்றடைந்த இடம் பெத்லகேம். அதனைப் பெற்றுக்கொண்டவர் அந்தப் புதிய மொழிபெயர்ப்பின் ஆசிரியரான புனித ஜெரோம்.

ஒரு செடியின் பெயருக்காகவா இத்தனை கலவரம் என நீங்கள் வியக்கலாம். ஆயினும் அக்கலவரத்தின் அடியில் கனமான வினா ஒன்று இருந்தது. மூலத்தில் உள்ள ஒரு சொல்லின் பொருள் தெளிவாக இல்லாதபோது, அதன் முன் நாம் எவ்வாறு நிற்க வேண்டும்? எரோணிமுஸ் எனவும் அழைக்கப்படும் புனித ஜெரோமின் வாழ்வு முழுவதும் இவ்வினாவுக்கான விடையாக அமைந்தது. அவ்வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

சொல்லில் மயங்கிய இளைஞர்

தல்மாத்தியா, பன்னோனியா என்னும் உரோமைப் பேரரசின் இரு மாகாணங்களின் எல்லையில் ஸ்த்ரீதோன் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே ஏறக்குறைய 347ஆம் ஆண்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜெரோம் பிறந்தார். பெற்றோர் வசதி படைத்தவர்கள். மகனைக் கல்விக்காக உரோமை நகருக்கு அனுப்பினர். அக்காலத்தில் இலக்கணத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த தொனாத்துஸ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். சிசரோவின் உரைநடையும் வெர்ஜிலின் காவியமும் அவரது உள்ளத்தைக் கவர்ந்தன. அந்நகரிலேயே அவர் திருமுழுக்கும் பெற்றார்.

பின்னர் துறவு வாழ்வின் மீது நாட்டம் கொண்டு, கிழக்கு நோக்கிப் பயணமான ஜெரோம், சிரியாவின் அந்தியோக்கியாவை அடைந்தார். தம் நூல்களை மட்டும் அவரால் பிரிய இயலவில்லை. அவற்றையும் சுமந்துகொண்டே சென்றார். நோன்பிருப்பார், செபிப்பார், பின்னர் சிசரோவை எடுத்து வாசிப்பார். அந்த நடையின் இனிமைக்குப்பின் இறைவாக்கினர்களின் நூல்கள் அவருக்குக் கரடுமுரடாகத் தோன்றின. அவ்வேளையில் கடும் காய்ச்சல் அவரைத் தாக்கியது. உயிர் பிரியும் தறுவாயில் இருந்தபோது ஒரு கனவு கண்டார். நடுவரின் இருக்கைமுன் நிறுத்தப்பட்டு, நீ யார் என வினவப்பட்டார். தாம் கிறிஸ்தவன் என்றார். அது பொய், நீ சிசரோவைச் சேர்ந்தவன் என்னும் தீர்ப்பையே அவர் கேட்டார். இக்கனவைப் பல ஆண்டுகளுக்குப்பின் அவரே ஒரு மடலில் எழுதி வைத்தார்.

நலமடைந்த ஜெரோம், கால்சிஸ் பாலைநிலத்துக்குச் சென்று தனிமையில் வாழ்ந்தார். உடல் நோன்பினால் மெலிந்தது. மனமோ உரோமையின் கேளிக்கைகளையே நாடி அலைந்தது. மனத்தை அடக்க வேறு வழி தேடிய அவர், வியப்பான ஒரு முடிவுக்கு வந்தார். கிறிஸ்தவராக மாறியிருந்த யூதத் துறவி ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்து, எபிரேய மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். இலத்தீன் நாவன்மையில் தேர்ந்த அவர், தொண்டையிலிருந்தும் பற்களின் இடையிலிருந்தும் எழும் புதிய ஒலிகளைச் சிறுபிள்ளைபோல் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. பலமுறை மனமுடைந்து கைவிட்டார். அறியவேண்டும் என்னும் ஆவலால் மீண்டும் மீண்டும் தொடங்கினார். குருமட நாள்களில் எபிரேய எழுத்துக்களோடு போராடிய என் போன்றோருக்கு, ஜெரோமின் இவ்வரலாறு ஆறுதலளித்த ஒன்றாகும்.

உயிரெழுத்தில்லாத ஏடுகள்

எபிரேய மொழியில் அப்படி என்ன கடினம் உண்டு? அன்பர்களே, இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். தமிழில் க், ட், ல் என்னும் மூன்று மெய்யெழுத்துக்களை மட்டும் எழுதி, உயிரொலிகளை விட்டுவிடுவோம் என வைத்துக்கொள்ளுங்கள். அதனைக் கடல் என்று வாசிக்கலாம். குடல் என்றும் வாசிக்கலாம். கூடல் என்றும் வாசிக்கலாம். எது சரியென முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டும், முறையாகக் கற்றவரிடம் கேட்டுமே அறிய இயலும். ஜெரோமின் காலத்து எபிரேய ஏடுகள் இவ்வாறே இருந்தன. உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் அவருக்குப் பின்வந்த நூற்றாண்டுகளிலேயே யூத அறிஞர்களால் சேர்க்கப்பட்டன. ஏட்டில் எழுதப்படாத உயிரொலி, வாசிக்கும் மக்களின் நாவில் மட்டுமே வாழ்ந்தது.

அபக்கூக்கு நூலின் 3ஆம் அதிகாரத்தில் இதற்கோர் அருமையான சான்று உண்டு. ஆண்டவருக்கு முன்பாகச் செல்வது எது என்று கூறும் இடத்தில் மூன்று மெய்யெழுத்துக்களே உள்ளன. அவற்றைத் ‘தாபார்’ என வாசித்தால் வார்த்தை எனப் பொருள்படும். ‘தெபெர்’ என வாசித்தால் கொள்ளைநோய் எனப் பொருள்படும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் வார்த்தை எனக் கொண்டனர். ஜெரோம் இறப்பு என மொழிபெயர்த்தார். ஆனால் தமது விரிவுரையில், அந்த மூன்று எழுத்துக்களையும் எடுத்துக்காட்டி, இரு வாசிப்புகளுக்கும் இடமுண்டு என்பதை மறைக்காமல் எழுதினார். தாம் ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டபோதும், மறுபாதையும் உண்டென வாசகருக்குக் காட்டிய நேர்மை அது.

அந்தியோக்கியாவில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கொன்ஸ்தாந்திநோபிளில் நாசியான்சு நகரப் புனித கிரகோரியாரிடம் கற்று, 382ஆம் ஆண்டில் ஜெரோம் உரோமைக்குத் திரும்பினார். திருத்தந்தை தமாசு அவரைத் தம் செயலாளராக ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் பாடும் ஓசன்னா என்னும் சொல்லின் பொருள் என்னவென, அத்திருத்தந்தை அவரிடம் மடல் வழியாகக் கேட்டறிந்தார். ஓடையைவிட்டு ஊற்றுக்குச் செல்லவேண்டும் என்பது ஜெரோமின் கொள்கை. எனவே 118ஆம் திருப்பாடலின் எபிரேயச் சொற்களுக்கே சென்று, ஆண்டவரே மீட்டருளும் என்னும் வேண்டுதலே அச்சொல்லின் வேர் என அவர் விளக்கினார். திருச்சபையின் தலைவர் தயங்காமல் கேட்டதும் அவருடைய செயலாளர் மூலத்தில் தேடிப் பதிலளித்ததும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை. திருத்தந்தையின் விருப்பப்படி, இலத்தீன் மொழியில் பலவாறு வழங்கிய நற்செய்தி நூல்களைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுச் சீர்செய்யும் பணியையும் ஜெரோம் ஏற்றார்.

பெத்லகேமின் விளக்கொளி

உரோமையில் அவருக்கு நண்பர்கள் இருந்ததைப்போலப் பகைவர்களும் இருந்தனர். அவரது நாவு கூர்மையானது. குருக்களின் ஆடம்பரத்தை அவர் எள்ளி நகையாடினார். அவரிடம் மறைநூல் கற்ற உயர்குடிப் பெண்களுள் ஒருவரான இளம் கைம்பெண் பிளேசில்லா, 384ஆம் ஆண்டில் இறந்தபோது, கடும் நோன்பே அவரைக் கொன்றது என மக்கள் ஜெரோமைப் பழித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை தமாசுவும் இறந்தார். ஆதரவிழந்த ஜெரோம் 385ஆம் ஆண்டில் உரோமையை விட்டு நீங்கினார். பிளேசில்லாவின் தாயான புனித பவுலாவும், மற்றொரு மகளான எயுஸ்தோக்கியமும் அவரைப் பின்தொடர்ந்தனர். 386ஆம் ஆண்டில் அவர்கள் பெத்லகேமில் குடியேறினர். பவுலாவின் செல்வம் அங்கே துறவு மடங்களாகவும், பயணிகள் தங்கும் இல்லமாகவும் உருமாறியது. பவுலா எபிரேயத்தைக் கற்றுத் திருப்பாடல்களை அம்மொழியிலேயே இலத்தீன் சாயலின்றிப் பாடும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார் என்பது ஜெரோமே வியந்து எழுதிய செய்தி.

ஆண்டவர் பிறந்த ஊரில் ஜெரோம் மீண்டும் மாணவரானார். பரனினாஸ் என்னும் யூத ஆசிரியர் அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். கிறிஸ்தவருக்குக் கற்பிப்பதைத் தம் மக்கள் அறிந்தால் தமக்குத் தீங்கு நேரும் என அஞ்சிய அவர், நிக்கதேம் இயேசுவிடம் வந்ததுபோல் இரவில் வந்து சென்றார். யூதரிடம் கற்கிறாரே எனக் கிறிஸ்தவர்கள் சிலர் ஜெரோமை ஏளனம் செய்தனர். ஒருகாலத்தில் உயிர்த்தோழராக இருந்து பின்னர் பகைவராகிவிட்ட ருஃபீனுஸ், அந்த ஆசிரியரின் பெயரைப் பரபாஸ் எனத் திரித்துக் கேலி செய்தார். ஜெரோமோ கற்பதை நிறுத்தவில்லை.

யோபு நூலுக்காக லித்தா ஊரைச் சேர்ந்த வேறோர் ஆசிரியரை அழைத்து, பெருந்தொகை கொடுத்துப் பாடம் கேட்டார். அந்நூல் விலாங்கு மீனைப் போன்றது, இறுக்கிப் பிடிக்குந்தோறும் கையைவிட்டு நழுவும் என அவர் தம் முன்னுரையில் குறிப்பிட்டார். அந்த ஆசிரியரால் தமது அறிவு பெருகியதா என்பது தெரியாது எனவும், தாம் விளங்கிக்கொள்ளாத எதனையும் மொழிபெயர்க்கவில்லை என்பது மட்டுமே தெரியும் எனவும் அதிலேயே எழுதினார். செசரியாவின் நூலகத்துக்குச் சென்று, எபிரேய பாடத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் அருகருகே பத்திகளாக அமைத்து ஒரிஜன் உருவாக்கிய மாபெரும் நூலையும் பார்வையிட்டார். இவ்வாறு ஏறக்குறைய 390ஆம் ஆண்டில் தொடங்கி 405ஆம் ஆண்டுவரை, எபிரேயத்திலிருந்து நேரடியாகப் பழைய ஏற்பாட்டை அவர் இலத்தீனில் பெயர்த்தார். பிற்காலத்தில் ‘வுல்காத்தா’ எனப் பெயர்பெற்று, மேலைத் திருச்சபையை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஊட்டி வளர்த்த விவிலியத்தின் பெரும்பகுதி இதுவே.

கொம்பும் கன்னியும்

எல்லா இடங்களிலும் ஜெரோமின் தெரிவு பிற்காலத்தவரால் ஏற்கப்பட்டதெனக் கூற இயலாது. சீனாய் மலையிலிருந்து மோசே இறங்கி வந்தபோது அவரது முகம் எவ்வாறு இருந்தது என விடுதலைப் பயண நூல் 34ஆம் அதிகாரம் கூறும் இடத்தில் ‘காரன்’ என்றொரு வினைச்சொல் வருகின்றது. கொம்பு எனப் பொருள்படும் ‘கெரென்’ என்னும் சொல்லோடு அது உறவுடையது. முகம் ஒளிவீசியது என்றே இன்று நாம் கொள்கின்றோம். ஜெரோம் வேர்ச்சொல்லைப் பின்பற்றிக் கொம்புடைய முகம் எனப் பெயர்த்தார். மாட்சி பெற்ற முகம் எனக் கிரேக்க மொழிபெயர்ப்பு கூறுவதை அவர் அறியாதவரல்லர். தமது விரிவுரையில் இரண்டையும் இணைத்தே எழுதினார். மறைநூலில் கொம்பு என்பது ஆற்றலுக்கும் மாட்சிக்கும் அடையாளமன்றோ? ஆயினும் விரிவுரையைப் படிக்காதோர் சொல்லை மட்டுமே கண்டனர். உரோமையில் சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயத்தில், மிக்கலாஞ்சலோ 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய மோசேயின் சிலை, தலையில் இரு கொம்புகளோடு இன்றும் அமர்ந்திருக்கின்றது. ஒரு சொல்லின் தெரிவு எத்துணை தூரம் பயணம் செய்யும் என்பதற்கு அச்சிலையே சாட்சி.

எசாயா 7ஆம் அதிகாரத்தின் இம்மானுவேல் இறைவாக்கு இன்னும் ஆழமானது. அங்குள்ள எபிரேயச் சொல் ‘அல்மா’. மணப்பருவம் எய்திய இளம்பெண்ணை அது குறிக்கும். கன்னி என்பதைத் தனித்துக் குறிக்க ‘பெத்தூலா’ என்னும் வேறொரு சொல் வழக்கில் உண்டு. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க விவிலியமோ இவ்விடத்தில் கன்னி என்னும் சொல்லையே தந்தது. நற்செய்தியாளர் மத்தேயுவும் அதனையே எடுத்தாண்டார். பின்வந்த யூத மொழிபெயர்ப்பாளர்கள் இளம்பெண் எனத் திருத்திக்கொண்டனர். ஜெரோம் இச்சிக்கலை மூடி மறைக்கவில்லை. பெத்தூலா என்னும் சொல் அங்கே இல்லை என்னும் எதிர்வாதத்தைத் தாமே எடுத்துரைத்து, அல்மா என்பது மறைத்துப் பேணப்படும் கன்னியைக் குறிக்கும் என வேர்ச்சொல்லைக் காட்டி வாதிட்டு, கன்னி என்றே பெயர்த்தார். அந்த வேர் விளக்கத்தை இன்றைய மொழியறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

உங்கள் வீட்டிலுள்ள பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தைத் திறந்தால், எசாயா நூலில் இளம்பெண் எனவும், மத்தேயு நற்செய்தியில் கன்னி எனவும் காண்பீர்கள். அதனைக் கண்டு நமது நம்பிக்கைக்கு ஏதேனும் ஊறு நேர்ந்துவிட்டதோ எனக் கலங்க வேண்டியதில்லை. அன்னை மரியாளின் கன்னிமையைத் திருச்சபை ஓர் எபிரேயச் சொல்லின்மேல் மட்டும் கட்டியெழுப்பவில்லை. மத்தேயு, லூக்கா ஆகிய நற்செய்தியாளர்களின் தெளிவான சான்றின்மீதும், திருத்தூதர் காலம் முதல் வந்த நம்பிக்கையின்மீதும் அது நிற்கின்றது. இளம்பெண் என எசாயா கூறியதன் நிறைவைத் தூய ஆவியாரின் ஒளியில் நற்செய்தியாளர் கண்டுகொண்டார். மூலச்சொல்லை உள்ளவாறு ஏற்பதற்கு நம்பிக்கையாளர் அஞ்ச வேண்டியதில்லை.

சுரையா, ஐவியா?

இனி நாம் ஓயா நகரின் ஆலயத்துக்குத் திரும்புவோம். அகுஸ்தீனாரின் கவலை மேய்ப்பரின் கவலை. எழுபதின்மர் மொழிபெயர்ப்பைத் தூய ஆவியாரின் தூண்டுதலால் எழுந்தது என அவர் மதித்தார். திருத்தூதர்கள் பயன்படுத்திய அதனை விட்டு எபிரேயத்துக்குச் சென்றால், கிரேக்கத் திருச்சபைகளுக்கும் இலத்தீன் திருச்சபைகளுக்கும் இடையே பிளவு நேருமோ என அஞ்சினார். எபிரேயம் அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஐயம் எழுந்தால் தீர்ப்பளிப்பவர் யார் எனவும் வினவினார். மக்கள் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்த சொற்களை எளிதில் அசைக்கலாகாது என்பது அவரது எண்ணம்.

ஜெரோம் ஏற்கனவே அகுஸ்தீனார்மீது மனத்தாங்கல் கொண்டிருந்தார். தமக்கு எழுதப்பட்ட மடல் தம் கைக்கு வருமுன்னரே இத்தாலியில் பலரால் வாசிக்கப்பட்டது அவரை வருத்தியிருந்தது. 404ஆம் ஆண்டில் அவர் அனுப்பிய பதிலில் அந்தச் சூடு தெரிகின்றது. யோனாவின் விரிவுரையிலும், சுரைக்குப் பதில் ஐவி முளைத்தால் ஒளிந்திருந்து குடிப்பதற்குக் குடுவை கிடைக்காதே எனச் சிலர் அஞ்சுகின்றனர் போலும் என அவர் நையாண்டி செய்திருந்தார். கோபமும் கேலியும் அவரது பலவீனங்கள். தமக்குக் கற்பித்த யூதரின் இனத்தைப்பற்றியும் அவர் பல இடங்களில் கடுஞ்சொற்களை எழுதியிருப்பது நம்மை வேதனைப்படுத்துகின்றது. புனிதர்களின் குறைகளை மறைப்பது உண்மைக்கு அழகன்று.

எனினும் அம்மடலின் நடுவே அவர் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. எபிரேயத்தில் உள்ள சொல் ‘கிகாயோன்’. அது பாலஸ்தீனத்தின் மணற்பாங்கான இடங்களில் வளரும் செடி. திராட்சையின் இலைபோல் அகன்ற இலைகள் உடையது. விரைவில் வளர்ந்து அடர்ந்த நிழல் தரும். கொழுகொம்பை நாடாமல் தன் தண்டின் வலிமையாலேயே நிற்கும். அச்செடிக்கு இலத்தீனில் பெயர் இல்லை. எபிரேயச் சொல்லையே எழுதியிருந்தால் எவருக்கும் விளங்கியிராது. சுரை என எழுதியிருந்தால் மூலத்தில் இல்லாததைச் சொன்னவராவார். ஆகவே முன்னைய மொழிபெயர்ப்பாளர் சிலரைப் பின்பற்றி ஐவி எனப் பெயர்த்தார். தம் மொழிபெயர்ப்புப் பொருத்தமானதன்று என்பதை இவ்வாறு அவரே வெளிப்படுத்தினார். அம்மொழிக்கு இல்லாத ஒன்றை உள்ளதுபோல் காட்ட அவர் விரும்பவில்லை.

வாசகர்களே, அவர் வருணித்த செடி எது என ஊகித்தீர்களா? அகன்ற இலை, விரைவான வளர்ச்சி, தன் தண்டிலேயே நிற்கும் இயல்பு. நம் ஊர்களில் வேலியோரங்களிலும் வெற்றுநிலங்களிலும் தானே முளைத்து நிற்கும் ஆமணக்கே அது என இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். நமது தமிழ் விவிலியத்திலும் யோனாவுக்கு நிழல் தந்தது ஆமணக்குச் செடியே. ஓயாவின் மக்கள் சுரைக்காகவும், ஜெரோம் ஐவிக்காகவும் வழக்காடினர். இருவரது சொல்லும் அச்செடிக்குப் பொருந்தவில்லை. நம்மிடமோ அதற்குப் பொருத்தமான சொல் தொன்றுதொட்டே இருந்து வந்திருக்கின்றது.

இந்த மடல் தொடர்பு பகையில் முடியவில்லை. 405ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் மீண்டும் எழுதினார். எபிரேயத்திலிருந்து மொழிபெயர்ப்பதன் பயனைத் தாம் இப்போது உணர்ந்துகொண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பழகிய வாசகங்களைக் கேட்டு வளர்ந்த எளிய மக்களின் மனம் புண்படாதிருக்க, ஆலயத்தில் அதனை வாசிக்கத் தாம் விரும்பவில்லை எனவும் கூறினார். காலம் இருவருக்கும் நீதி வழங்கியது. ஜெரோமின் மொழிபெயர்ப்பு படிப்படியாக மேலைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று. 1546ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் வுல்காத்தாவை அதிகாரபூர்வமானதாக அறிவித்தது. எனினும் திருப்பாடல்களில் மட்டும், அவர் எபிரேயத்திலிருந்து பெயர்த்தவை மக்களின் நாவில் ஏறவில்லை. கிரேக்கத்தைத் தழுவி அவர் முன்னர் திருத்தியமைத்த பாடல்களையே மக்கள் தொடர்ந்து பாடினர். மூலத்துக்குச் செல்லும் ஜெரோமின் வழியைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1943ஆம் ஆண்டின் சுற்றுமடலில் விவிலிய அறிஞர்களுக்கு வலியுறுத்தினார்.

வார்த்தை செயலான நாள்கள்

ஜெரோமின் முதுமை துயரம் நிறைந்தது. 404ஆம் ஆண்டில் பவுலா இறந்தார். 410ஆம் ஆண்டில் உரோமை நகரம் கோத்தியரால் சூறையாடப்பட்டது. அச்செய்தி எட்டியபோது எசேக்கியேல் நூலுக்கு விரிவுரை எழுதுவதில் ஈடுபட்டிருந்த அவரால் வாய்திறந்து பேசவும் இயலவில்லை. நேற்றுவரை செல்வச் செழிப்பில் வாழ்ந்தோர், அகதிகளாகப் பெத்லகேமின் வாயிலில் வந்து நின்றனர். ஜெரோம் எழுத்தாணியைக் கீழே வைத்தார். மறைநூலின் சொற்களை விளக்குவதைவிட அவற்றைச் செயலாக்கும் வேளை இது என உணர்ந்து, அகதிகளைப் பேணுவதில் தம் பகற்பொழுதைச் செலவிட்டார். இரவில் விளக்கொளியில் அமர்ந்து சொல்லச்சொல்ல, பிறர் எழுதினர். மங்கிய கண்களுக்கு எபிரேயத்தின் நுண்ணிய எழுத்துக்கள் பகலிலும் புலப்படவில்லை. இடம்பெயர்ந்து, கையில் ஒரு பையுடன் ஆலய முற்றங்களில் தங்கிய நாள்களை மறவாத நம்மவர்க்கு, அந்த அகதிகளின் நிலையும் அவர்களுக்குக் கதவு திறந்தவரின் மாண்பும் நன்கு விளங்கும்.

416ஆம் ஆண்டில் பெத்லகேமின் மடங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. எயுஸ்தோக்கியமும் சில ஆண்டுகளில் மறைந்தார். எரேமியா நூலின் விரிவுரை நிறைவுபெறாத நிலையில், 420ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஜெரோம் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு. அந்நாளையே திருச்சபை அவரது விழாவாகக் கொண்டாடுகின்றது. அவர் மறைந்த 1600ஆம் ஆண்டு நினைவாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டில் மறைநூலின்மீதான அன்பைப்பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, ஜெரோம் இயல்பிலேயே தாழ்மையுள்ளவர் எனக் கூறுவதற்கில்லை. மனிதர்முன் அவர் எளிதில் வணங்கியவரல்லர். ஆனால் விளங்காத ஒரு சொல்லின்முன் அவர் ஆயுள் முழுவதும் மாணவராக அமர்ந்தார். பாலைநிலத்தில் இளைஞராக இருந்தபோதும், பெத்லகேமில் புகழ்பெற்ற அறிஞராக இருந்தபோதும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். அந்த ஆசிரியர் வேற்றுச் சமயத்தவர் என்பதோ, அதற்காகத் தம்மை ஊர் ஏளனம் செய்கின்றது என்பதோ அவருக்குத் தடையாகவில்லை.

நம் நிலை என்ன? மறைநூலில் ஒரு வசனத்தை எடுத்து, அதன் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பிறரைத் தீர்ப்பிடுவோர் நம்மிடையே உண்டு. அச்சொல் முதலில் எம்மொழியில், எப்பொருளில், எவருக்குச் சொல்லப்பட்டது என வினவும் பொறுமை நமக்கு வேண்டும். அவ்வாறே, வாசகத்தில் பழகிய சொல் ஒன்று மாறும்போது மறையே மாறிவிட்டதாகக் கலங்கும் மூத்தோரை நகைக்காத பரிவும் வேண்டும். முன்னது ஜெரோம் கற்றுத்தரும் பாடம், பின்னது அகுஸ்தீனார் கற்றுத்தரும் பாடம். இரண்டும் சேர்ந்தே ஒரு பங்குச் சமூகத்தைக் கட்டியெழுப்பும்.

மறைநூலுக்குக் காட்டும் இப்பொறுமையை நம் வீடுகளிலும் காட்டலாகாதா? கணவனின் ஒரு சொல், மாமியாரின் ஒரு சொல், அயலவரின் ஒரு சொல். அதற்கு நாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் குடும்பங்கள் எத்தனை! மெய்யெழுத்துக்களை மட்டும் கேட்டுவிட்டு, உயிரெழுத்துக்களை நம் சினத்திலிருந்து எடுத்து இட்டுக்கொள்கின்றோம். என்ன எண்ணத்தோடு அப்படிச் சொன்னீர்கள் என ஒருமுறை நேரில் கேட்டிருந்தால், பல பிளவுகள் நேர்ந்திரா.

இவ்வாரம் ஒருநாள், உறங்குமுன் யோனா நூலை எடுத்து வாசியுங்கள். நான்கே சிறு அதிகாரங்கள்தாம். செடி வாடியதற்காக வருந்திய யோனாவிடம், நினிவேயின் மக்களுக்காகத் தாம் இரங்கலாகாதா எனக் கேட்கும் ஆண்டவரின் வினாவோடு அந்நூல் முடிகின்றது. யோனா என்ன பதில் கூறினார் என்பது அங்கே எழுதப்படவில்லை. அப்பதிலை நம் வாழ்வால் எழுதும் வரத்தைப் புனித ஜெரோமின் பரிந்துரையால் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!